மந்திரித்த புள்ளிப் பெட்டி

சாந்தோம், சென்னை
ஞாயிறு மாலை

அன்பு மகன் ஜாஸ்பருக்கு,

அம்மா ஆசீரோடு எழுதுவது. நீயும் மருமகள் ஜான்சியும் அந்த டொராண்டோ குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே அப்பா சுகம், உன் தங்கை ஜொவிட்டா சுகம், நானும் சுகம், வலது கண் மட்டும் நீங்கலாக. உடனே போனைத் தூக்காதே. புரை முற்றிவிட்டது என்று போன வாரம் ஆபரேஷன் செய்தார்கள், நல்லபடியாக முடிந்தது. முன்னாலேயே சொன்னால் லீவு போடுகிறேன் டிக்கெட் போடுகிறேன் என்று குதிப்பாய், அதனால்தான் சொல்லவில்லை. இடது கண்ணிலும் புரை இருப்பதால் இப்போதைக்கு எழுத்து எதுவும் தெரியவில்லை, கொஞ்ச நாள் புத்தகம் பேப்பர் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல ஜொவிட்டா தன் பிரெயில் புள்ளிப் பெட்டியில் அடிக்கிறாள். அப்பாவை எழுதச் சொல்லலாம்தான், ஆனால் அவர் எழுதிய சாமான் சீட்டை அவரே படிக்க முடியாமல் போன மாதம் மளிகைக் கடைக்காரரிடம் நீட்டி என்னப்பா இது என்று கேட்டவர். போனில் சொல்லிவிடலாமே என்று கேட்பாய். போனில் நீ கடகடவென்று பேசுகிறாய், நான் பதிலை யோசித்து வாயைத் திறப்பதற்குள் சரிம்மா வச்சுடறேன் என்கிறாய். இது அப்படி வைத்துவிடக்கூடிய விஷயம் இல்லை.

போன தடவை பேசும்போது அந்தப் பேசும் கண்ணாடியைப் பற்றிச் சொன்னாய். போட்டுக்கொண்டால் எதிரே யார் நிற்கிறார்கள், போர்டில் என்ன எழுதியிருக்கிறது, தட்டில் என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் காதில் சொல்லுமாம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பிரெயில் எல்லாம் இனிமே யாரும்மா படிக்கப் போறாங்க, இன்னும் கொஞ்ச வருஷத்துல அது மியூசியத்துலதான் இருக்கும், கிறிஸ்துமஸுக்கு வரும்போது கண்ணாடி கொண்டு வர்றேன், அந்தப் பழைய பெட்டிய யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்க என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் உன் தங்கை எல்லாவற்றையும் கேட்டாள். சரிண்ணா என்று மட்டும் சொன்னாள். அவள் ஒரே சொல்லில் சரி என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா. அன்று இரண்டாவது தோசை வேண்டாம் என்று எழுந்து போய், கட்டிலில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்து, எதையும் படிக்காமல் விரலை மட்டும் அதன் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். இதை அடிக்க மாட்டேன் என்கிறாள் இப்போது. பெற்றவள் சொல்கிறேன், அடி என்று சொல்லியிருக்கிறேன்.

நீ முதன்முதலாக வெளிநாடு போன வருஷம் வாங்கி அனுப்பிய பெட்டி அது. அந்தப் பெட்டி இந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அனுப்பிய உனக்கே தெரியவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு ஜெபப் புத்தகத்தின் கனம்கூட இல்லை. மேலே விரலுக்கு ஒன்றாக ஆர்மோனியம் போலக் கட்டைகள், கீழே ஒரே வரிசையில் இருபது கட்டம், கட்டத்துக்குக் கட்டம் கசகசா அளவில் புள்ளிகள் எழும்பி எழும்பி அடங்குகின்றன. அவள் ஒரு வரியைத் தடவி முடித்து ஒரு பொத்தானை அமுக்கினால் அடுத்த வரி எழும்புகிறது. அவள் சின்னப் பிள்ளையாகப் படித்த காலத்தில் ஒரு பாடப் புத்தகம் என்றால் தடித் தடியாக எத்தனை கட்டு, லீவுக்கு ஹாஸ்டலில் இருந்து கூட்டி வரும்போது அப்பா அதைத் தலையில் தூக்கிக்கொண்டு எழும்பூரில் இறங்கி வருவாரே, போர்ட்டர்களே வழி விடுவார்கள். இப்போது அடையாறு ஸ்கூலில் அவள் எடுக்கிற ஐந்து வகுப்புக்கான சரித்திரப் பாடம், பிள்ளைகளின் மார்க், கோயில் பாட்டுகள், வாசகங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். மெட்ரோவுக்காக லஸ் பக்கம் முழுக்கத் தோண்டிப் போட்டிருப்பதால் பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. மற்றவர்கள் எல்லாம் கவர்மென்டைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் கைப்பைக்குள் கையை விட்டு அன்றைய பாடத்தைப் படித்து முடித்துவிடுகிறாள். பக்கத்து சீட்டு அம்மா ஒருத்தி இவள் சில்லறை தேடுகிறாள் என்று நினைத்துத் தன் பையைத் துழாவித் தரப் பார்த்தாளாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நம் கோயில் திருவிழாப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்க ஜொவிட்டா பெயர் கொடுத்தாள். பாடகர் குழுவில் இத்தனை வருஷம் பாடுகிறவள்தான், ஆனால் பீடத்தில் ஏறி வாசித்ததில்லை, கேட்கவும் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. வழிபாட்டுக் குழுவைப் பார்த்துக்கொள்கிற நம் செபஸ்தியான் மாமா நல்ல மனுஷர்தான், உனக்குத் தெரியுமே, ஆனால் தயங்கினார். மனப்பாடம் பண்ணிட்டு வந்து சொல்லிடும்மா, யாருக்குத் தெரியப்போவுது என்றார். இவள், ஒப்பிக்கிறதுக்கு நான் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா மாமா, வாசகம்னா வாசிக்கணும் என்றாள். அப்படின்னா காதுல இயர்போன் மாட்டிக்கோ, போன் சொல்லச் சொல்ல நீ சொல்லு என்றார். அதையும் வீட்டில் செய்து பார்த்தோம். அவள் வாய் ஒரு வரியைச் சொல்லும்போதே காதில் அடுத்த வரி ஓடுகிறது, முதல் வரியின் வால் அடுத்த வரியின் வாயில் மாட்டிக்கொள்கிறது, எனக்குக் கேட்கவே மூச்சு முட்டியது. பெட்டியை வைத்துக்கொண்டு வாசித்தபோதோ விரல் முன்னால் போக வாய் பின்னால் நிதானமாக வந்தது. சரி, நீயே வாசி என்று செபஸ்தியான் மாமா ஒப்புக்கொண்டார். ஆனாலும் வழக்கமாக வாசிக்கிற பொன்ராஜை முதல் பெஞ்சில் வாசகப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார், இவள் தடுமாறினால் அவன் எழுந்து போய் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதை இவளிடமே சொல்லிவிட்டார். தடுமாறினால் இனி அந்தப் பீடப் படி இவளுக்கு இல்லை என்று யாரும் சொல்லவில்லை, சொல்லாமலேயே எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில்தான் உன் அப்பா நுழைந்தார். எழுத வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டார், எழுதுகிறேன். பீடத்தில் ஏறப் போகிற பொருளை மந்திரிக்காமல் ஏற்றலாமா என்று அவருக்கு ஒரு கவலை. நீ வாங்கிய பைக்கையே மந்திரிக்காமல் ஓட்டவிடாதவர் அல்லவா. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை இவள் பாட்டுப் பயிற்சிக்கு உள்ளே போயிருந்த நேரம் பார்த்து, இவள் பையிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போயிருக்கிறார். சாமியார் அவசரத்தில் இருந்தவர், உறையோடு வைங்க போதும் என்றாராம். உறையோடு மந்திரிச்சா ஆசீர் உறைக்குத்தானே சாமி போவும் என்று இவர் உறையைக் கழற்றி, புள்ளி வரிசை மேலே தெரியும்படி இரண்டு கையாலும் ஏந்திக் காட்டியிருக்கிறார். சாமியார் மூன்று தரம் தீர்த்தம் தெளித்தார். நம் கோயில் தீர்த்தத்தில் மந்திரித்த உப்பு வேறு போடுவார்களே. வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் ஈரம் கண்ணில் பட்டதாம், வேட்டி முனையால் துடைத்தார். அதோடு விட்டாரா. போன் தண்ணீரில் விழுந்தால் அரிசியில் வைக்கச் சொல்கிறார்களே என்று வீட்டுக்கு வந்ததும் நேராக அரிசி டிரம்மில் புதைத்துவிட்டார். ஜொவிட்டா வந்து, அப்பா என் பெட்டி எங்க என்று கேட்டாள். மந்திரிச்சு அரிசில வச்சிருக்கேம்மா, ஒண்ணும் கவலப்படாத என்றார். அவள் எடுத்து ஆன் செய்தாள். தவிட்டுத் தூள் புள்ளிகளுக்குள் இறங்கி, உப்புத் தண்ணியோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, இருபது கட்டத்தில் பாதி எழும்பவே இல்லை. ஒரு வண்டு வேறு வெளியே வந்தது.

ஜாஸ்பர், அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை, அழவில்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரவே இல்லை, அரிசி டிரம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு இரண்டு பேரையும் பார்க்க முடியவில்லை. பிறகு அவள் திருவான்மியூரில் இருக்கிற சிநேகிதி ஆஷாவுக்குப் போன் போட்டாள். ஆஷாவும் பார்வையில்லாதவள், பேங்கில் வேலை பார்க்கிறாள், பெட்டி விஷயத்தில் இவர்கள் பேட்டைக்கே அவள்தான் டாக்டர். கரன்ட்டை நிறுத்திவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை மருந்துக் கடை ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, ஒவ்வொரு புள்ளியாகச் சுத்தம் பண்ணச் சொன்னாள். ஜொவிட்டாதான் செய்தாள், எங்களைத் தொடவிடவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. அடுத்த நாள் ஒவ்வொரு கட்டமாக உயிர் வந்தது. நடுவில் மூன்று கட்டம் மட்டும் வரவே இல்லை. ஒரு வார்த்தையின் நடு எழுத்து எல்லாம் அந்த மூன்றில் விழுந்தால் எப்படி வாசிப்பது. கம்பெனி ஆள் அந்தக் கட்டங்கள் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், திருவிழாவுக்குள் நடக்காது என்றுவிட்டார். செபஸ்தியான் மாமாவிடம் சொல்லிப் பெயரை எடுத்துவிடலாமா என்று நான்தான் மெதுவாகக் கேட்டேன்.  அன்று சாயந்திரம் அவள் உட்கார்ந்து வாசகம் முழுவதையும் மறுபடி அடித்தாள், வரிக்கு வரி அந்த மூன்று கட்டம் வருகிற இடத்தில் எழுத்து எதுவும் விழாமல் வெற்றிடம் விட்டு விட்டு. லஸ் தெருவில் பள்ளத்தைத் தாண்டி ஓரமாக நடக்கிறோமே, அப்படி அவள் விரல் அந்த மூன்றையும் தாண்டித் தாண்டிப் போகப் பழகியது. வீட்டில் நாங்கள் டிவி போடவில்லை.

திருவிழா அன்று கோயில் நிரம்பி வாசல் வரை கூட்டம். அவளைக் கைப்பிடித்துப் படியேற்றிவிட அப்பா எழுந்தார், வேண்டாம்ப்பா என்று கோலைத் தட்டிக்கொண்டு அவளே ஏறினாள். பெட்டியை வாசக மேடையில் வைத்தாள். முதல் பெஞ்சில் பொன்ராஜ் புத்தகத்தைத் திறந்து விரலை வரியில் வைத்திருந்தான், எனக்கு அவனைப் பார்த்தாலே கோபமாக வந்தது, பாவம், அவன் என்ன செய்வான். வாசிக்க ஆரம்பித்தாள். நான் பயத்தில் முதல் இரண்டு வரியைக் கேட்கவே இல்லை. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். இத்தனை வருஷம் எத்தனை பேர் வாசித்துக் கேட்டிருக்கிறோம், எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள், நமக்கு உச்சந்தலைதான் தெரியும். இவள் கை கீழே ஓடிக்கொண்டிருந்தது, முகம் எங்களைப் பார்த்தபடி நிமிர்ந்தே இருந்தது. வாசகத்தின் நடுவில் வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும், போன வருஷம் செபஸ்தியான் மாமாவே அதில் தடுக்கி விழுந்து எழுந்தார். இவள் ஒவ்வொன்றாக, அவசரம் இல்லாமல், ஒன்றையும் கடித்துத் துப்பாமல் சொன்னாள். ஓரிடத்தில் மட்டும் நின்றாள்.  பொன்ராஜ் பாதி எழுந்துவிட்டான். அவள் விரல் ஒரு முறை பின்னால் வந்து தடவியது, மறுபடி முன்னால் போனது, வாசித்தாள், முடித்தாள். ஆண்டவரின் அருள்வாக்கு என்று சொல்ல, கோயில் முழுக்க நன்றி சொன்னது. உன் அப்பா அழுதார். நானும் அழுதேன், எனக்கு வெட்கம் இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் பட்டினப்பாக்கம் கெங்கம்மா, நமக்கு மீன் கொண்டு வருகிறவள், கோயில் வேறானாலும் திருவிழாவுக்குத் தவறாமல் வந்து பின்னால் நிற்பாளே, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னாம்மா உன் பொண்ணு, மத்தவங்கல்லாம் தலைய கவுத்துக்கினு பட்ச்சிக்கினு போறாங்க, இது நம்மளப் பாத்துக்கினே படிக்கிது, என்கிட்டவே சொல்ற மாரி கீது என்றாள். செபஸ்தியான் மாமா வந்து, மூன்றாவது ஞாயிறு உன் முறைம்மா, போர்டுல போட்டுட்டேன் என்றார். இவள், எந்த மாசம் மாமா என்று கேட்டாள். எல்லா மாசமும்தான் என்றார். இனி பொன்ராஜ் முதல் பெஞ்சில் உட்கார வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் என் ஆபரேஷன். கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு எல்லோரும் படித்துச் சொன்னார்கள். அப்பா பேப்பர் படிப்பார், கிரிக்கெட்டை ஒரு வரி விடாமல், இறப்புச் செய்தியைத் தாவி. யாரெல்லாம் போய்விட்டார்கள் என்று தெரிந்துகொள்ளத்தானே நான் பேப்பரே வாங்குகிறேன். ஒரு வரி புரியவில்லை, திரும்பப் படியுங்க என்றால் அலுத்துக்கொள்கிறார். இங்கே கொஞ்சம் நிறுத்துங்க, யோசிக்கணும் என்றால் அதற்குள் அடுத்த பக்கம் போய்விடுகிறார். அப்போதுதான் உன் கண்ணாடி ஞாபகம் வந்தது. உன் கண்ணாடி அப்பாவைவிடப் பொறுமையாகத்தான் படிக்கும், அலுத்துக்கொள்ளாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அது படிக்கும், நான் கேட்பேன், அவ்வளவுதான். படிப்பது என்றால் நானே ஒரு வரியில் நின்று, பின்னால் போய், முணுமுணுத்து, பிடிக்காததைத் தாண்டிப் போவது. அதை இந்தச் சில நாள் இல்லாமல் இருந்தே எனக்குப் பைத்தியம் பிடித்தது, அவளிடம் இருப்பதைப் பழசு என்று யாருக்காவது கொடுத்துவிட எப்படிச் சொல்கிறாய்.

உன் தங்கை உன் கண்ணாடியை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கொண்டு வரட்டும், ஆனா அது பாக்கிறத காதுல சொல்றதோட நிறுத்தாம என் பெட்டிக்கு எழுத்தா அனுப்புமான்னு கேளுங்க, பஸ் நம்பரையும் பிள்ளைங்க போர்டுல எழுதுறதையும் நான் விரலாலயே படிச்சுக்குவேன் என்கிறாள். அப்படி ஒன்று இல்லையென்றால் நீ கம்ப்யூட்டர் வேலைதானே பார்க்கிறாய், உட்கார்ந்து செய். இன்னொன்றும் நடந்தது. அடையாறில் இவர்கள் சங்கத்துக் கூட்டத்துக்கு ஆஷா இவளைக் கூட்டிப்போனாள். அங்கே புதுசாக ஒரு பலகை காட்டினார்களாம், நம் பெட்டி மாதிரி ஒரு வரி இல்லை, பக்கம் முழுக்க வரி வரியாகப் புள்ளிகள் எழும்புமாம், எழுத்து மட்டும் இல்லை, படமும். சரித்திர டீச்சர் என்றதும் ஒரு மேப்பை எழுப்பிக் காட்டினார்கள், நம் ஊர்க் கடற்கரை. வீட்டுக்கு வந்து என்னிடம், அம்மா, சாந்தோம்லேருந்து திருவான்மியூர் வரைக்கும் கரை நேராப் போகுதுன்னு இத்தன வருஷம் நினைச்சுட்டிருந்தேன், அடையாறு வந்து கடல்ல சேர்ற இடத்துல எப்படி வளைஞ்சு உடைஞ்சு கிடக்குது, நான் தினமும் பஸ்ல தாண்டுற பாலம் அதுக்கு மேலதானாம்மா என்று கேட்டாள்.  நாம் யாரும் அதைச் சொல்ல வேண்டும் என்றே நினைக்கவில்லையே. அந்தப் பலகை இன்னும் நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்கு வருகிற நிலையில் இல்லை, வரும் என்று ஆஷா அடித்துச் சொல்கிறாள். மியூசியத்துக்குப் போகிற சாமான் மாதிரி எனக்குத் தோன்றவில்லை, ஜாஸ்பர்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்த மூன்று கட்டத்தை மறக்காமல் வாங்கி வா, பெட்டியின் மாடல் பெயரை ஜொவிட்டா தனியாக அனுப்புவாள். கண்ணாடியும் கொண்டு வா, அப்பாவுக்கும் ஒன்று, அவர் தன் மூக்குக் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று தினமும் என்னைக் கேட்கிறார். குல்லா இல்லாமல் வெளியே போகாதே, ஞாயிறு பூசையை விடாதே, ஜான்சியைச் சமையலறையில் தனியாக விடாதே. தங்கையிடம் ஒரு நாள் ஸ்பீக்கர் போடாமல் பேசு. மூன்றாவது ஞாயிறு காலைப் பூசை கோயில் யூடியூபில் வரும், உனக்கு அது சனி ராத்திரி, விழித்திருந்து பார்.

இதுவரை சொன்னதை ஜொவிட்டா முதலிலிருந்து விரலால் தடவி, அந்த மூன்று கட்டத்தில் விழுந்த எழுத்தை வரியை நகர்த்தி நகர்த்திப் பிடித்து, மெதுவாக எனக்குப் படித்துக் காட்டினாள். தோசை வேண்டாம் என்று எழுந்து போன இடம் சட்டென்று முடிந்தது போல இருந்தது. திரும்பப் படி என்றேன். இருக்கும்மா, நீங்க சொன்னது எல்லாம் அப்படியே இருக்கு என்கிறாள். நான் எப்படிப் பார்ப்பது. நம்புகிறேன். இத்தனை வருஷம் நாம் படித்துக் காட்டியதை எல்லாம் அவள் இப்படித்தான் நம்பியிருக்கிறாள்.

பெட்டியில் அடித்தது அவள் போனில் தமிழ் எழுத்தாக விழுகிறது, அப்பா தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இதைப் பிரின்ட் எடுத்து வருவார், நான் கையெழுத்துப் போட்டதும் போட்டோ பிடித்து அனுப்புவார். எழுத்தே தெரியவில்லை, எந்த இடத்தில் போடுவேன் என்று கேட்டேன். அப்பாவ காகிதத்த அந்த இடத்துல மடிச்சுத் தரச் சொல்றேன், மடிப்பத் தடவிப் பாத்து அதுக்கு மேல போடுங்கம்மா, நான் ஸ்கூல் ரிஜிஸ்டர்ல அப்படித்தான் போடுறேன் என்கிறாள். உங்கள் இருவருக்கும் ஆண்டவரின் ஆசீரும் மாதாவின் துணையும் எப்போதும் இருக்கட்டும். என் எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, விரலால் பார்த்துப் போடுவது எனக்கு இதுதான் முதல் தடவை.

உன் அன்பு அம்மா,
பியாட்ரிஸ் பவுல்சாமி